எடையா, நாளா, திறனா: உடற்பயிற்சிக்கு எதை இலக்காக வைப்பது?

உடற்பயிற்சி தொடங்க முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் இடத்தைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். ஜிம்மில் சேர்வதா, பூங்காவில் நடப்பதா, வீட்டிலேயே செய்வதா என்று பல நாள் யோசிப்பவர்கள்கூட, எதை அடைவதற்காகச் செய்யப்போகிறோம், அதை அடைந்துவிட்டோம் என்பதை எதைக் கொண்டு அறிவோம் என்ற கேள்விக்கு ஒரு நிமிடமும் ஒதுக்குவதில்லை. தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பாதியில் விட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தால், இடம் பிடிக்காமல் விட்டவர்கள் சிலரே. "எவ்வளவு செய்தும் எடை குறையவில்லை" என்று மனம் வெறுத்து விட்டவர்களே மிகுதி. இவர்களை வீழ்த்தியது சோம்பல் என்று நான் நினைக்கவில்லை. இவர்கள் தேர்ந்த இலக்குதான் இவர்களைக் கைவிட்டது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே எடையை இலக்காக வைப்பது, வாரத்துக்கு இத்தனை நாள் என்று செயலை இலக்காக வைப்பது, இன்ன காரியத்தைச் செய்ய முடிய வேண்டும் என்று திறனை இலக்காக வைப்பது, ஓட்டப் போட்டி போன்ற ஒரு நாளைக் குறித்துக்கொள்வது என்ற நான்கு வழிகளையும், வடசென்னையின் வேலை நேரத்தையும் வெயிலையும் மழையையும் மனத்தில் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன்.

எடை இலக்கின் கவர்ச்சி அதன் எளிமையில் இருக்கிறது. அது ஒற்றை எண். எடை மெஷினில் ஏறி நின்றால் உடனே தெரிந்துவிடும். மருத்துவரும் அதைத்தான் சொல்லியிருப்பார், கல்யாண வீட்டில் பார்த்த அத்தையும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறாக இருக்கிறது. உடலில் சேர்ந்திருக்கும் ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் அவருக்குச் செலவாவது 130 முதல் 150 கிலோகலோரி வரைதான். ஒரு நாள்கூட விடாமல் மாதம் முழுவதும் நடந்தாலும் அரை கிலோவுக்குச் சற்று மேல்தான் குறைய வழி உண்டு. அதுவும் சாப்பாட்டின் அளவு கூடாமல் இருந்தால்தான். நடந்து முடித்த பசியில் வழியில் ஒரு தட்டு அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டுவிட்டு வந்தால் அன்றைய கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்த அரை கிலோவும் கண்ணில் படாது. முந்தின இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவர் மறுநாள் காலை எடை பார்த்தால், உப்பு பிடித்து வைத்திருக்கும் நீரும் சேர்ந்தே எண்ணில் வரும். ஒரே மனிதரின் எடை ஒரு வாரத்துக்குள் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்குவது இயல்பு என்பதால், ஒரு மாத உழைப்பின் பலன் அந்த ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துபோகிறது. அதே மாதத்தில் மாடி ஏறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கலாம், தூக்கம் சீரடைந்திருக்கலாம், இரத்த அழுத்தம் சற்று இறங்கியிருக்கலாம். அவற்றில் ஒன்றையும் அந்த மெஷின் காட்டாது.

இதற்கு நம் ஊரிலேயே செய்யப்பட்ட ஆய்வொன்று வலுவான சான்றாக நிற்கிறது. நீரிழிவு மருத்துவர் அ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் சென்னையில் நடத்தி 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேர் பங்கேற்றனர். உணவைச் சீராக்கி நாள்தோறும் அரை மணி நேரமாவது நடக்கும்படி அறிவுறுத்தப்பட்டவர்களிடம், அவ்வாறு அறிவுறுத்தப்படாதவர்களைவிட, நீரிழிவு வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடையை மட்டும் இலக்காக வைத்திருந்தால், நோயைத் தள்ளிப்போட்ட அந்த மனிதர்கள் அனைவரும் தோற்றவர்களாகவே கணக்கில் வந்திருப்பார்கள். அமெரிக்காவில் 2002-இல் வெளியான இதே வகை ஆய்வில் எடைக் குறைப்பும் பெரிய பங்கு வகித்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எடை குறைவதால் பயனில்லை என்பது என் வாதமன்று. மருத்துவர் உடல்நிலை காரணமாக எடையைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வேலையில் பெரும்பகுதி தட்டில் நடக்க வேண்டியது, அதற்கான இலக்கைச் சாப்பாட்டின் அளவில் வைத்துக்கொள்வதே பொருத்தம்.

வடசென்னையில் இதைப் பேசும்போது குத்துச்சண்டையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாக வளர்ந்த அந்த விளையாட்டில் எடைக்கு இடம் உண்டு. குறிப்பிட்ட எடைப் பிரிவில் இறங்க வேண்டியவர் அந்த எடைக்கு வந்தே தீர வேண்டும். ஆனால் அவருக்குப் போட்டி நாள் இருக்கிறது, சாப்பாட்டைக் கண்காணிக்கும் வாத்தியார் இருக்கிறார், எல்லாவற்றுக்கும் மேலாக எடையோடு சேர்த்து ரவுண்டையும் அவர் எண்ணுகிறார். மூன்று நிமிடம் அடி, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி மூன்று நிமிடம் என்று எத்தனை ரவுண்டு தளராமல் நிற்க முடிகிறது என்பதே அவருடைய உண்மையான அளவுகோல். நம்மில் பலர் எடையை எடுத்துக்கொண்டு ரவுண்டை விட்டுவிட்டோம்.

எண் ஒன்று வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு, எடையைவிட இடுப்பளவு நல்லது. பயிற்சியால் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு, எடை மாறாத நிலையிலும் குறைவதுண்டு. தையல் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்க வேண்டும். நம்மவர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டரையும் பெண்களில் 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது என்பது வரம்பு. மாதத்துக்கு ஒரு முறை அளந்து எழுதி வைத்தால் போதும். அதையும் அன்றாட இலக்காக்கிக்கொள்ளத் தேவையில்லை.

அடுத்தது செயல் இலக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வயதுவந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. இதை வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேர நடை, அவற்றுள் இரண்டு நாள் தண்டாலும், உட்கார்ந்து எழும் பஸ்கியும் என்று எழுதிக்கொண்டால் செயல் இலக்கு ஆகிவிடும். இதன் பெரும் பலம், நிறைவேற்றுவது முழுக்க நம் கையில் இருப்பது. எடை குறைவது நம் உடலின் விருப்பத்தையும் சேர்ந்தது. இன்று மாலை அரை மணி நேரம் நடப்பது நம் முடிவைச் சேர்ந்தது. மிதமான உழைப்பு எது என்பதற்கும் கருவி வேண்டியதில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. ராயபுரம் பூங்காவில் நான்கு பேர் அரசியல் பேசிக்கொண்டே மெதுவாக உலாவுவது மனத்துக்கு நல்லது; இந்தக் கணக்கில் அது சேராது.

செயல் இலக்கைக் காலடி எண்ணிக்கையாக வைத்துக்கொள்பவர்களும் உண்டு. நாளொன்றுக்குப் பத்தாயிரம் அடி என்ற எண் 1960-களின் நடுவில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. பின்னாளில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடிகளிலும், இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000 அடிகளிலும் ஆயுள் சார்ந்த பயன் ஏறக்குறைய நிலைபெற்றுவிடுவது தெரியவந்தது. காசிமேட்டில் விடியலுக்கு முன் ஏலம் எடுத்து, கூடையோடு தெருத்தெருவாக மீன் விற்றுவிட்டு நண்பகலில் வீடு திரும்பும் ஒரு பெண்மணிக்குக் காலடி இலக்கு எதையும் கற்றுத் தராது. அவர் அதைத் தினமும் தாண்டிவிடுகிறார். அவருக்கு வேண்டியது முதுகுக்கும் தோளுக்கும் வலு சேர்க்கும் பயிற்சியும் முழங்காலுக்கு ஓய்வும். இலக்கை அடுத்தவரிடமிருந்து கடன் வாங்கக்கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

செயல் இலக்கு முறிந்துபோகும் இடம் ஒன்று உண்டு. "தினமும் காலை ஐந்தரை மணிக்கு" என்று எழுதிக்கொண்டவர் மணலியிலோ எண்ணூரிலோ துறைமுகத்திலோ ஷிப்ட் பார்ப்பவராக இருந்தால், இரவு ஷிப்ட் வந்த முதல் வாரத்திலேயே இலக்கு உடைந்துவிடுகிறது. உடைந்த இலக்கை மறுபடி ஒட்டவைக்க மனம் வருவதில்லை. இதற்கு இரண்டு திருத்தங்கள் தேவை. முதலாவது, கடிகாரத்தில் மாட்டாமல் ஏற்கெனவே நடக்கும் ஒரு காரியத்தில் மாட்டுவது. "எந்த ஷிப்டாக இருந்தாலும், தூங்கி எழுந்து டீ குடித்த டம்ளரைக் கீழே வைத்ததும் செருப்பை மாற்றி ஷூ போட்டுக்கொள்வேன்" என்பது ஷிப்டோடு சேர்ந்து நகரும். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்பவர்கள், வெறுமனே உறுதி பூண்டவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விரிவாக எழுதியிருக்கிறார். இரண்டாவது, முழு அளவு ஒன்றும் குறைந்த அளவு ஒன்றும் வைத்துக்கொள்வது. முழு அளவு அரை மணி நேர நடை என்றால், குறைந்த அளவு வீட்டுக்குள்ளேயே பத்து பஸ்கியும் சுவரில் கை ஊன்றிப் பத்து தண்டாலும். உடம்புக்கு அது சிறிய பயிற்சிதான். ஆனால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று, தெருவில் கால் வைக்க முடியாத வடகிழக்குப் பருவமழை வாரங்களில், பழக்கம் அறுந்துபோகாமல் காப்பது அந்தப் பத்துதான்.

ஒரு நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், புதிய செயலொன்று தன்னியல்பான பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள் பிடித்தது. ஆனால் மதிப்பிடப்பட்ட காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டது பழக்கம் உருவாவதைக் கணிசமாகப் பாதிக்கவில்லை. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று நம்பி, வராததால் தன்மேல் வெறுப்புக் கொண்டவர்கள் இந்த எண்களை ஒரு முறை படிக்க வேண்டும்.

மூன்றாவதான திறன் இலக்கின்மேல் எனக்குத் தனிப் பற்று உண்டு, அதை மறைக்கவில்லை. இதில் எண்ணப்படுவது உடலால் என்ன செய்ய முடிகிறது என்பதே. லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடியில் வசிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கீழே குழாயடியில் நிரப்பிய பிளாஸ்டிக் குடம் ஏறத்தாழ 15 கிலோ கனக்கும். இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு ஏறுகையில் இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடிச் சுவரில் குடத்தை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிறார். மூன்று மாதத்துக்குள் அந்தத் திருப்பத்தில் நிற்காமல் வீட்டு வாசல் வரை ஏற வேண்டும் என்று அவர் வைத்துக்கொண்டால், அதைவிடத் தெளிவான இலக்கு இருக்க முடியாது. அடைந்தாரா இல்லையா என்பதில் ஐயமில்லை. அடைந்தால் அன்றிலிருந்து வாழ்க்கை அந்த அளவுக்கு எளிதாகிவிடும். அதை நோக்கிய பயிற்சியும் தானாகவே வகுபடுகிறது: முதலில் வெறுங்கையோடு நிற்காமல் ஏறுவது, பிறகு பாதிக் குடம், இடையில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுமப்பது. வாரத்துக்கு வாரம் சிறிது கூட்டினால் தசை அதற்கேற்ப வலுப்பெறும்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு இதே வகையில் எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. சாதாரண உயரமுள்ள, கைப்பிடியில்லாத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுமையாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ண வேண்டும். கீழே விழுவதைத் தடுப்பதற்காக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயன்படுத்தும் இந்தச் சோதனையில், 60 முதல் 64 வயது வரையுள்ள ஆண்கள் 14-க்கும் பெண்கள் 12-க்கும் குறைவாக எழுந்தால் சராசரிக்குக் கீழ் என்று கொள்கிறார்கள். ஒன்பதில் தொடங்கி மூன்று மாதத்தில் பன்னிரண்டைத் தொடுவது எந்த வயதிலும் பெருமைப்படத் தக்க இலக்கு.

திறன் இலக்கின் குறை, அது அன்றைக்கு என்ன செய்வது என்று சொல்லாது என்பதே. "இருபது தண்டால் எடுக்க வேண்டும்" என்ற ஆசை, செவ்வாய்க்கிழமை மாலை பாயை விரிக்க வைக்காது. அத்துடன் அவசரக்காரர்கள் இதில் அடிபடுகிறார்கள். ஐந்து எடுக்க முடிகிறவர் ஒரே வாரத்தில் பதினைந்துக்குப் போனால் தோள்பட்டை பிடித்துக்கொண்டு மூன்று வாரம் படுத்துவிடுவார்.

நாள் குறித்த இலக்கைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் பத்து கிலோமீட்டர் ஓடுவது என்று பெயர் கொடுத்துவிட்டால் பலருக்கு வேகம் பிறக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்கான தயாரிப்பு மாதங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது முழுக்க மழைக்காலத்தில் விழுகின்றன. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடிப் பழகுவது ஆபத்து. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புகை தரையோடு தங்கி நிற்பதால் அந்தச் சாலையோரம் ஓடுவது நுரையீரலுக்கும் கேடு. ஓட்டம் முடிந்த மறுநாளே ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுபவர்கள் பலர். ஏற்கெனவே ஓடிப் பழகிய இளைஞர்களுக்கு இது பொருந்தும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, இலக்கில் நிலைத்து நிற்கப் பணம் கட்டுவது உதவுமா என்பதையும் பார்த்துவிடலாம். ஒரு வருடத் தொகையை மொத்தமாகக் கட்டிவிட்டால் அந்தக் காசுக்காகவாவது போவோம் என்பது பலருடைய எதிர்பார்ப்பு. அமெரிக்காவில் ஜிம் உறுப்பினர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிக்கே மால்மெண்டியரும் 2006-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் 4.3 முறைதான் வந்தார்கள். வருகைக்கு 17 டாலருக்கு மேல் அவர்களுக்குச் செலவாயிற்று; பத்து வருகைக்கான சீட்டை வாங்கியிருந்தால் வருகைக்குப் பத்து டாலரில் முடிந்திருக்கும். தொகை கட்டும் நாளில் நாம் கற்பனை செய்யும் நம்முடைய ஒழுங்கு, நிஜத்தைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கிறது. ஆகவே ஜிம் தேவைப்படுபவர்கள் முதல் மூன்று மாதத்துக்கு மாதச் சந்தா மட்டும் கட்டுவது நல்லது. தள்ளுபடி போகிறதே என்று வருந்த வேண்டாம். மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடம் நடந்து போகும் தூரத்தில் இருந்தால், முதலில் அங்கே போய்ப் பார்ப்பது இன்னும் நல்லது. பணத்தைவிட ஆள் துணை வலுவானது. ஆனால் துணையை நட்பை வைத்துத் தேர்ந்தால் போதாது, ஷிப்டை வைத்துத் தேர வேண்டும். ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் சுமாரான சிநேகிதர், வேறு ஷிப்டில் இருக்கும் உயிர் நண்பரைவிட இந்த விஷயத்தில் பயன்படுவார்.

இவை அனைத்தையும் எடை போட்டுப் பார்த்தபின் என் தேர்வு இது: செயல் இலக்கை அன்றாடத்துக்கு வைத்துக்கொண்டு, அதன்மேல் மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு திறன் இலக்கை ஏற்ற வேண்டும், இடுப்பளவும் எடையும் மாதக் கடைசியில் குறித்து வைக்கும் தகவலாக மட்டும் இருக்கட்டும். ஆளுக்கேற்ப அளவு மாறும். ஷிப்ட் தொழிலாளி நாள்களை வாரக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். வாரத்தில் நான்கு நாள் என்றால் எந்த நான்கு என்பதை ஷிப்ட் முடிவு செய்யட்டும். விசைப்படகில் கடலுக்குப் போகும் மீனவருக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் உடல் உழைப்பு திடீரென்று நின்றுவிடுகிறது. வலை இழுத்த தோளும் முதுகும் தளராமல் இருக்க அந்த இரண்டு மாதத்துக்கு மட்டுமான ஒரு திட்டம் அவருக்குத் தேவை. கத்திரி வெயிலும் அதே காலத்தில் வருவதால் நேரம் மாலை ஆறு மணிக்கு மேல் இருக்க வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், நடக்கும்போது சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். சட்டைப் பையில் இரண்டு மிட்டாயும், வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்க்கும் பழக்கமும் கட்டாயம். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் என்ன அளவில் இருக்கின்றன என்றே தெரியாதவர்கள், மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் ஊழியரிடம் முதலில் பார்த்துக்கொள்ளலாம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ இடது கையில் வலியோ வந்தால் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் போட்ட குறிகளை எண்ணிப் பாருங்கள். குறித்த நாள்களில் பாதிக்கு மேல் செய்திருந்தால் அளவைச் சிறிது கூட்டலாம். பாதியைவிடக் குறைந்திருந்தால் ஐந்து நாளை மூன்றாக்கி, நேரத்தையும் இடத்தையும் மாற்றி, அடுத்த பன்னிரண்டு வாரத்துக்கு அதையே எழுதிக்கொள்ளுங்கள்.